ரஷ்ய வகுப்பின் பியானோக்காரி

சென்ற செவ்வாய்க்கிழமை என் முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு தம்பி வந்திருந்தார். சத்திர சிகிச்சை முடிந்து ஆறாவது கிழமை. இங்கே சிட்னியில் கெல்லிவில்லில் இருக்கிற தமிழ்நாட்டுப் பிள்ளை, நல்ல பொறுமைசாலி. முதலில் முழங்காலில் ஏதோ தைலம் தடவினார். பைன் பிசின் மணம் குசினி முழுவதும் பரவியது. பிறகு சமையல் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, முழங்கால்களை மெல்ல மடிக்கச் சொன்னார். மடித்தேன்.

"ஆன்ட்டி, பாதம் நேரா இருக்கணும். ஏன் ரெண்டும் வெளிப்பக்கமா திரும்புது?" என்றார்.

குனிந்து பார்த்தேன். உண்மைதான். குதிகள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்க, பாதங்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் திருப்பியதாக நினைவில்லை. அந்த மணத்தில் அவை தாமாகத் திரும்பியிருக்க வேண்டும். "ஓம் தம்பி" என்று சொல்லி நேராக வைத்துக்கொண்டேன். வேறு விளக்கம் சொல்லவில்லை. சொல்வதென்றால், எனக்கு அப்படி மடியக் கற்றுத்தந்த உங்களிடமிருந்து தொடங்க வேண்டும். உங்களை எங்கிருந்து தொடங்குவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அவர் போன பிறகு இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் இறந்து நாற்பது வருடங்களுக்கு மேலாகிறது. உங்களுக்குத் தமிழும் தெரியாது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதினால் என்னால் இவ்வளவு சொல்ல முடியாது. அந்த மொழி நம் இருவருக்கும் இரவல்தான். நீங்கள் அதில் பாதிச் சொற்களை விட்டுவிட்டுப் பேசுவீர்கள். நான் பள்ளியில் கன்னியாஸ்திரிகள் கற்பித்தபடி ஒரு சொல்லையும் விடாமல் பேசுவேன். அப்படியும் நமக்குப் புரிந்தது. புரிந்தது என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

நாம் சந்தித்தது எழுபதுகளின் நடுவில். நானும் என் கணவரும் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ணுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவருக்கு ஒரு பொறியியல் கந்தோரில் வரைபடம் வரைகிற வேலை. ரிச்மண்டில் இரண்டு அறை வீடு. ஒருநாள் மில்க் பார் என்ற மூலைக்கடைக்குப் பால் வாங்கப் போனபோது கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பாலே நடன வகுப்புக்குப் பியானோ வாசிக்க ஆள் தேவை, எண்ணத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. எனக்கு எண்ணத் தெரியும். பதினாலு வயதிலிருந்து பள்ளிக்கூடத்திலும் தேவாலயத்திலும் வாசித்து வந்தவள் நான். நடனத்தைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது.

தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த அந்தப் பலகை மண்டபம் உங்களுக்கு நினைவிருக்கும். சுவரில் மகாராணியின் படம், மூலையில் தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் பாத்திரம், ஜன்னலை ஒட்டிச் சுவரில் அறைந்த நீளமான கட்டை. பன்னிரண்டு பெண் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரஷ்ய ஆசிரியையான நீங்கள் கறுப்புக் கம்பளிச் சட்டை போட்டு, தலைமயிரை இறுக்கிக் கட்டியிருந்தீர்கள். ஐம்பது வயது இருக்கும் என்று நினைத்தேன். என் சேலையையும் அதற்கு மேல் மாட்டியிருந்த ஓவர்கோட்டையும் பார்த்தீர்கள், எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. "வால்ஸ். மெதுவாக" என்றீர்கள்.

எனக்குத் தெரிந்த மூன்று எண்ணிக்கைப் பாடல்கள் எல்லாமே தேவாலயப் பாடல்கள்தான். நற்கருணைக்கு முன்னால் வாசிக்கிற ஒன்றை எடுத்து வாசித்தேன். பன்னிரண்டு பிள்ளைகளும் அதற்கு முழங்காலை மடித்து எழுந்தார்கள். பாடல் முடிந்ததும் பக்கத்தில் வந்து நின்றீர்கள். "இதுவரை கடவுளுக்கு வாசித்திருக்கிறீர்கள். அவருக்கு அவசரம் இல்லை. பிள்ளைகளின் கால் நடுங்குகிறது, அதைப் பார்த்து வாசியுங்கள்" என்றீர்கள். வேலை கிடைத்துவிட்டது என்பது எனக்கு அடுத்த கிழமைதான் விளங்கியது.

அதன்பிறகு கிழமைக்கு மூன்று நாள். வகுப்புக்கு முன்னால் பூவாளியில் தண்ணீர் கொண்டுவந்து பலகைத் தரையில் தெளிப்பீர்கள், கால் வழுக்காமல் இருக்க. பிறகு ஒரு தட்டையான பெட்டியில் பிசின் தூளைக் கொட்டி வைப்பீர்கள். பிள்ளைகள் அதில் காலைத் தேய்த்துவிட்டு வருவார்கள். காலுக்கு வாசிக்கிறவள் காலைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி, வகுப்பு முடிந்ததும் மண்டபத்துக் குசினியில் தொட்டியின் விளிம்பைப் பிடிக்கவைத்து, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி, என்னையும் மடிந்து எழச் செய்வீர்கள். சேலைக்குள் என் கால் என்ன செய்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியுமோ, "இடது குதி" என்பீர்கள். சரியாக இடது குதிதான் தூக்கியிருக்கும்.

பிறகு கண்ணாடிக் குவளையில் தேநீர். சீனிக்குப் பதிலாக ஒரு கரண்டி பழஜாம். அந்தத் தேநீரோடுதான் ரஷ்யாவில் பிள்ளைகளுக்கு நடனம் கற்பித்த கதை முழுவதையும் நான் கேட்டேன். அரசியின் அரண்மனையில் வேலைக்காரர்களின் பிள்ளைகளை ஒரு பிரெஞ்சு ஆசிரியர் பொறுக்கியெடுத்து, மேல்மாடி அறைகளில் கற்பிக்கத் தொடங்கினாராம். அப்போது பியானோ கிடையாது. ஆசிரியரே ஒரு சின்ன வயலினைத் தோளில் வைத்து வாசித்துக்கொண்டு, அதே நேரத்தில் பிள்ளைகளைத் திருத்திக்கொண்டும் போவாராம். பிறகு நூறு வருடத்துக்கும் மேலாகப் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள், சுவீடனிலிருந்து ஒருவர் வந்தார், கடைசியில் இத்தாலியர்கள் வந்து காற்றாடிபோலச் சுற்றிக் காட்டினார்கள். "பிரெஞ்சுக்காரர் கையைத் தந்தார்கள். இத்தாலியர் காலைத் தந்தார்கள். முதுகு எங்களுடையது" என்பீர்கள்.

உங்களுக்கு மிகவும் பிடித்தது புரட்சிக்குப் பிறகு வருகிற பகுதி. விறகில்லாத குளிர் அறைகளில் பசியோடு வந்து நின்ற பிள்ளைகளுக்குக் கற்பித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வீர்கள். ஆடிய காலத்தில் அவளுக்குப் பெரிய பெயர் வரத் தாமதமாகிவிட்டதாம். ஆனால் எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். யார் கை எப்படி, யார் மூச்சு எங்கே என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே முறையாகத் தொகுத்துப் புத்தகமாக எழுதினாள். "ஆடியவர்கள் மறந்துவிடுவார்கள். பார்த்தவள் மறக்கமாட்டாள்" என்று நீங்கள் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த இடத்தில் உங்கள் குரல் கொஞ்சம் தாழும். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அந்த மண்டபம் பெற்றோர் குழுவின் பெயரில் இருந்தது. ஆசிரியையை வைப்பதும் எடுப்பதும் அவர்கள் கையில். இரண்டாம் வருடம் அவர்களுக்குள் ஒரு குழப்பம் வந்தது. ஊரில் மற்ற நடனப் பள்ளிகளில் எல்லாம் லண்டனிலிருந்து பரீட்சகர் வந்து, ஒவ்வொரு வகுப்புக்கும் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போவார். உங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடையாது. எட்டு வருடம் பொறுங்கள் என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். எட்டு வருடம் கழித்து என்ன கிடைக்கும் என்று ஒரு தாய் கேட்டதற்கு, "முதுகு" என்று பதில் சொன்னீர்கள். அந்தப் பதில் குழுவுக்குப் போதவில்லை.

அதனால் பெற்றோருக்குக் கொடுக்க ஒரு கைநூல் எழுதுவோம் என்றீர்கள். ரஷ்ய முறை எங்கிருந்து வந்தது, எப்படி வளர்ந்தது, ஏன் இவ்வளவு காலம் எடுக்கிறது என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். நீங்கள் சொல்ல, என் கணவரின் தட்டச்சு இயந்திரத்தில் நான் அடித்தேன். மூன்று சனிக்கிழமை மத்தியானங்கள். பக்கத்து மைதானத்தில் ஃபுட்டிப் பந்தாட்டம் நடக்கும். சனம் கத்துகிற சத்தம் ஜன்னலை உலுக்கும்போது நீங்கள் வசனத்தின் நடுவில் நிறுத்தி, அடங்கும்வரை காத்திருந்து, விட்ட சொல்லிலிருந்து தொடர்வீர்கள்.

முதல் பக்கம் உங்களைப் பற்றியது. "பத்து வயதில் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு வெள்ளை அறையில் என்னை நிறுத்தினார்கள். ஒரு வைத்தியர் என் இடுப்பையும் பாதத்தையும் அளந்தார்" என்று தொடங்கியது. பிறகு எட்டு வருடப் பயிற்சி. ஒருமுறை அரசர் குடும்பத்தோடு வந்து பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்து, ஆளுக்கொரு இனிப்புப் பெட்டி கொடுத்தது. நான் மகிழ்ச்சியோடு அடித்தேன். இனிப்புப் பெட்டியில் என்ன நிற நாடா என்றுகூடக் கேட்டேன். ஊதா என்றீர்கள்.

வீட்டில் என் கணவர் எழுத்துப் பிழை பார்க்க அதை எடுத்தார். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"இஞ்ச பாரும், இவவுக்கு எத்தினை வயசு?" என்று கேட்டார்.

"ஐம்பது, ஐம்பத்திரண்டு இருக்கும்."

"அப்ப இந்த அரசர் எப்பிடி வந்தார்? அவரைச் சுட்டே ஐம்பது வருசத்துக்கு மேல. இவ சொல்லுறது உண்மையெண்டா இப்ப எழுபது வயசு தாண்டியிருக்க வேணும்."

அவ சொன்னதை நான் அடித்தனான், அவ்வளவுதான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உமக்கேன் இந்தச் சோலி. அடிச்சுக் குடும்" என்றார்.

அடித்துக் கொடுத்தேன். ஆனால் அன்றிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். உங்கள் கழுத்தைப் பார்ப்பேன், கையின் தோலைப் பார்ப்பேன். எழுபது என்று நம்ப முடியவில்லை. இன்னொரு நாள் தேநீர் குடிக்கும்போது, பத்து வயதில் சீனாவில் ஹார்பின் நகரத்து ஆற்றுப் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்து பல் உடைந்த கதையைச் சொன்னீர்கள். அதே பத்து வயது. பீட்டர்ஸ்பர்க் எங்கே, ஹார்பின் எங்கே. கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது. கேட்டால் தேநீர் நின்றுவிடுமோ என்று பயந்தேன். அந்த ஊரில் என்னை எதிர்பார்த்துக் கதவைத் திறந்து வைத்திருந்த இடம் அது ஒன்றுதான்.

என் கணவர் கண்டுபிடித்ததைக் குழுத் தலைவியும் கண்டுபிடித்துவிட்டார். சூசன் என்ற பிள்ளையின் தாய். கெட்ட மனுஷி அல்ல. தன் மகள் எட்டு வருடத்தை எங்கே கொண்டுபோய் வைக்கிறாள் என்று தெரிந்துகொள்ள விரும்பினார், அவ்வளவுதான். ஒருநாள் வகுப்புக்கு முன்னால் பியானோவின் அருகில் வந்து மெல்லக் கேட்டார். சான்றிதழ் எங்கே என்று கேட்டதற்கு, சீனாவை விட்டு வரும்போது எரிந்துவிட்டது என்று தன்னிடம் சொன்னீர்களாம். பொருளாளரிடம், எல்லையில் அதிகாரிகள் பறித்துவிட்டார்கள் என்றீர்களாம். நீங்கள் ஆடிக் காட்டி ஒருநாளும் ஒருவரும் பார்க்கவில்லை, முழங்கால் சரியில்லை என்கிறீர்கள், அதுவும் உண்மையா என்று கேட்டார். "அவரோடு அதிகம் இருப்பது நீங்கள்தான். உங்களுக்கு எது உண்மை என்று தெரியும்" என்றார்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் தேநீர் கொடுக்கிற சின்ன ஜன்னல் திறந்திருந்தது. அதன் அந்தப் பக்கத்தில் நீங்கள் பூவாளியோடு நின்றுகொண்டிருந்தீர்கள். அன்று வகுப்பு வழக்கம்போல நடந்தது. முடிந்ததும், "நீங்கள் சொன்னது சரி. உங்களுக்குத் தெரியாது" என்றீர்கள். அது கோபமா, நன்றியா, நான் கேட்க வேண்டும் என்று காத்திருந்தீர்களா? அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை.

அந்த வருடம் ரஷ்யாவிலிருந்து ஒரு நடனக் குழு மெல்பேர்ணுக்கு வந்தது. அவர்களோடு வந்த வயதான ஆசிரியர் ஒருவரைக் குழுத் தலைவி எப்படியோ பிடித்து, ஒரு சனிக்கிழமை காலை மண்டபத்துக்கு அழைத்து வந்தார். கூடவே மொழிபெயர்க்க ஒரு இளம் பெண். உங்களுக்கு முதல் நாள்தான் சொன்னார்கள். வரமாட்டீர்கள் என்று நினைத்தேன். வந்தீர்கள். தரைக்குத் தண்ணீர் தெளிக்கும்போது ஒரே இடத்தில் நிறைய ஊற்றிவிட்டீர்கள். நான் என் சால்வையால் துடைத்தேன்.

அவர் சாம்பல் நிறக் கோட்டு சூட்டில், ஒரு மடக்குக் கதிரையில் அசையாமல் உட்கார்ந்து முழு வகுப்பையும் பார்த்தார். நடுவில் ஒருமுறை எழுந்து போய் சூசனின் முழங்கையைக் கொஞ்சம் உயர்த்தினார். சற்று யோசித்துவிட்டுத் தானே அதைப் பழையபடி இறக்கி வைத்தார். வகுப்பு முடிந்ததும் உங்களிடம் நெடுநேரம் ரஷ்ய மொழியில் பேசினார். நீங்கள் இரண்டு மூன்று சொற்கள்தான் பேசினீர்கள். காது இரண்டும் சிவந்திருந்தன. கடைசியில் அவர் குனிந்து உங்கள் கையில் முத்தமிட்டார்.

மொழிபெயர்த்த பெண் குழுவிடம் சொன்னது இதுதான். எல்லாம் மிகச் சரி. ஆனால் பழையது. இந்தக் கைகளை அவர் தன்னுடைய ஆசிரியையிடம் மட்டும்தான் பார்த்திருக்கிறார். இப்போது அங்கே யாரும் இப்படிக் கற்பிப்பதில்லை. யாரிடம் படித்தீர்கள் என்று அவர் கேட்டார், இந்த ஆசிரியை ஒரு பெயரைச் சொன்னார், அந்தப் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை.

குழுவில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது நல்லதா, கெட்டதா? சரி என்கிறார், இல்லாதது என்கிறார். எல்லோரும் போன பிறகு நான் உங்களிடம், அவர் என்னதான் சொன்னார் என்று கேட்டேன். "இந்த ஊரில் மழை எப்போது நிற்கும் என்று கேட்டார்" என்றீர்கள். பிறகு பிசின் பெட்டியை மூடத் தொடங்கினீர்கள்.

அடுத்த தவணையிலிருந்து லண்டன் பரீட்சை என்று முடிவாயிற்று. சான்றிதழோடு ஒரு புதிய ஆசிரியை வந்தார். நல்லவர், சிரித்த முகம். என்னைத் தொடர்ந்து வாசிக்கச் சொன்னார்கள். நான் ஓம் என்றேன். அதை உங்களிடம் ட்ராம் தரிப்பிடத்தில்தான் சொன்னேன், வேறு எங்கே சொல்வது என்று தெரியாமல். "நல்லது. பிள்ளைகளின் கால் தெரிந்த ஒருவராவது அங்கே இருக்கட்டும்" என்றீர்கள். ட்ராம் வந்தது. நீங்கள் ஏறி உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் அழுதிருப்பேன். அதனால்தான் திரும்பவில்லையோ என்னவோ. உங்களைப் பற்றி எதை நினைத்தாலும் கடைசியில் எனக்கு இந்த 'என்னவோ'தான் மிஞ்சுகிறது.

நீங்கள் நகரத்துக்கு வெளியே டண்டினோங்கில் உங்கள் தம்பியின் வீட்டுக்குப் போய்விட்டதாகவும், ஒரு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்வதாகவும் கேள்விப்பட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் நான் வரவில்லை. என்ன முகத்தோடு வருவது?

அந்த நாட்களில் ஒருமுறை புதிய ஆசிரியை மார்புச் சளியோடு படுத்துவிட்டார். செய்தி வந்து சேருமுன் பிள்ளைகள் உடுப்பு மாற்றிக்கொண்டு கட்டையைப் பிடித்து நின்றுவிட்டார்கள். அவர்களைக் கூட்டிப்போக ஆட்கள் வர ஒரு மணித்தியாலம் ஆகும். நான் பியானோவை விட்டு எழுந்து அவர்கள் முன்னால் போய் நின்றேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கையால் தாளம் தட்டினேன். என் வாயிலிருந்து வந்ததெல்லாம் உங்கள் சொற்கள். எங்கே மூச்சு, எந்தக் குதி, யாருடைய முதுகு தூங்குகிறது, எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வருடம் அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டே வாசித்தவள் அல்லவா. ஒரு மணித்தியாலம் போனதே தெரியவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக நான் இருந்தது குறைவு.

முடிந்தபோது வாசலில் ஒரு தாய் நின்றிருந்தார், புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் தாய். நீங்கள் கற்பிப்பீர்கள் என்று தெரியாதே, எங்கே பயிற்சி பெற்றீர்கள் என்று வியப்போடு கேட்டார்.

"சின்ன வயதில். ஒரு ரஷ்ய ஆசிரியையிடம்" என்றேன்.

"சிலோனிலா?"

"ஆம்" என்றேன்.

அவ்வளவு இலகுவாக வந்தது. நான் முன்கூட்டி நினைத்து வைத்த பொய் அல்ல. அந்த நிமிடத்தில் அது பொய் என்றுகூடத் தோன்றவில்லை. வீட்டுக்கு நடந்து போகும்போது, பாதி வழியில்தான் எனக்கு வியர்த்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு ரஷ்யப் பெண். வெள்ளை அறை வேறு கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

அடுத்த ஞாயிறு ரயில் ஏறி டண்டினோங்குக்கு வந்தேன். இதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீங்கள் மெலிந்திருந்தீர்கள். அதே கண்ணாடிக் குவளை, அதே ஜாம். மண்டபத்தில் எல்லோரும் நலமா என்று கேட்டீர்கள். நலம் என்றேன். சூசனின் முதுகு எப்படி என்றீர்கள். நிமிர்கிறது என்றேன். அறையின் மூலையில் துணி போர்த்திய பியானோ ஒன்று இருந்தது. அதன்மேல் புகைப்படங்களும் ஒரு பூச்சாடியும். தம்பி வீட்டுப் பொருள் என்று நினைத்துக்கொண்டேன். "உங்களுக்கு ஏதோ சொல்ல இருக்கிறது" என்று நீங்களாகவே சொன்னீர்கள். இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றேன். சொன்னால் நான் உங்களைக் குத்திக்காட்டுவதாக நினைத்துவிடுவீர்களோ என்று பயம். பிறகு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

அடுத்த குளிர்காலத்தில் உங்கள் தம்பி, உங்கள் குறிப்பேட்டில் இருந்த எண்ணைப் பார்த்து, தொலைபேசியில் அழைத்து நீங்கள் இறந்துவிட்டதாகச் சொன்னார்.

உங்கள் ரஷ்யத் தேவாலயத்தில் எல்லோரும் நின்றுகொண்டே மெழுகுதிரி பிடித்திருந்தார்கள். பிறகு பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. நான் தம்பியின் அருகில் போய், நடன மண்டபத்தில் உங்களோடு வேலை செய்தவள் என்று அறிமுகம் செய்துகொண்டேன். அவர் தட்டை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். "பியானோ வாசிப்பவரா? என் அக்காவைப் போல" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர்தான் ஆசிரியை, நான்தான் பியானோ என்று விளக்கினேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். நீங்கள் ஒருநாளும் ஆடியதில்லையாம். சின்ன வயதிலேயே இதயம் பலவீனம் என்று வைத்தியர் தடுத்துவிட்டாராம். ஹார்பினில், பழைய பீட்டர்ஸ்பர்க் பள்ளியில் படித்துத் தப்பி வந்த ஒரு கிழவி வகுப்பு நடத்தினாள். பதினாறு வயதிலிருந்து அவளுடைய வகுப்புக்கு நீங்கள் பியானோ. பிள்ளைகள் போன பிறகு கிழவி தன் கதைகளை எல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பாளாம். வெள்ளை அறை, அரசர், ஊதா நாடா, எல்லாம் அவளுடையவை.

"இங்கே வந்து இறங்கியபோது தொழில் என்ன என்று கேட்டார்கள். நடன ஆசிரியை என்று சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்" என்றார் தம்பி.

"நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையா?"

"என்ன சொல்வது? அவளுக்கு எல்லாம் தெரியுமே."

பிறகு அவர் சிரித்துக்கொண்டே, உங்கள் வாசிப்பை நான் நிறையக் கேட்டிருப்பேன் என்றார். இல்லை, ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்றேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அதை மட்டும் அவரால் நம்ப முடியவில்லை.

எனக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நான் தப்பும் தவறுமாக வாசித்ததை எல்லாம் கேட்டுக்கொண்டு, எப்படி ஒரு விரலைக்கூட வைக்காமல் இருந்தீர்கள்? என்னிடம் சொல்லியிருக்கலாமே. உலகத்தில் வேறு யாருக்கு விளங்காவிட்டாலும் எனக்கு விளங்கியிருக்கும். பிறகு, நானும்தான் சொல்லவில்லை என்று நினைப்பு வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே பொய்யை வைத்துக்கொண்டு எதிரெதிரே இருந்து இருவரும் தேநீர் குடித்திருக்கிறோம். நான் வாயைத் திறந்திருந்தால் நீங்களும் திறந்திருப்பீர்களா? அல்லது இன்னொரு கதை சொல்லியிருப்பீர்களா? நீங்கள் எங்களை ஏமாற்றினீர்களா என்று என் மகள் ஒருமுறை கேட்டபோது, ஓம் என்று தொடங்கி இல்லை என்று முடித்தேன். அந்தப் பிள்ளைகளின் முதுகுகள் பொய்யாக நிமிரவில்லையே.

நான் இன்றைக்கும் வாசிக்கிறேன். விரல்கள் முன்போல ஓடுவதில்லை. சிட்னியில் மகள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய பியானோ இருக்கிறது. நீங்கள் சொன்னது, அதட்டியது, கதைத்தது எல்லாம் என்னிடம் அப்படியே இருக்கிறது. நீங்கள் வாசித்தது மட்டும் இல்லை. சில நாட்கள் ஒரு பாடலின் நடுவில் நிறுத்தி, இந்த இடத்தை நீங்கள் எப்படி வாசித்திருப்பீர்கள் என்று யோசிப்பேன். இடது கை கொஞ்சம் பொறுத்து விழுந்திருக்குமோ. பிள்ளைகள் எழும்புகிற இடத்தில் ஒலியைக் கூட்டுவீர்களோ, குறைப்பீர்களோ. கண்ணை மூடிக்கொண்டு, உங்களுடையது வரட்டும் என்று கையை வைத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் வருவது என்னுடைய வாசிப்புத்தான்.